ஊர்ப் பேச்சைப் பதிவு செய்யுமுன்: அட்டப்பாடி – ஆனைக்கட்டிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆனைக்கட்டி செக்போஸ்ட்டைத் தாண்டினால் அகளி, ஷோளையூர், புதூர் என மூன்று பஞ்சாயத்து. இதுதான் அட்டப்பாடி, கேரளத்தின் பாலக்காடு மாவட்டம். இருளர், முடுகர், குறும்பர் ஊர்களில் பெரியவர்களின் பேச்சையும் பாட்டையும் பதிவு செய்யக் கிளம்பும் தமிழ் மாணவர்கள், ஆசிரியர்கள், படித்துவிட்டு ஊர் திரும்பிய பழங்குடி இளைஞர்கள் கேட்கும் கேள்விகள் இவை. கருவி பற்றிய கேள்விகள்தான் அதிகம் வருகின்றன. சிக்கல் பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கிறது.

இருள மொழி தமிழின் ஒரு பேச்சு வழக்குதானே? தனியாக எதற்குப் பதிவு?

2011 மக்கள்தொகைக் கணக்கு அப்படித்தான் போட்டிருக்கிறது: இருளர் மொழியைத் தமிழ் என்ற தலைப்பின்கீழ் சேர்த்துவிட்டது. மொழியியலாளர்கள் அப்படிப் பார்ப்பதில்லை. செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபில் 1973 முதல் இருள மொழிக்கென்றே தனித் தொகுதிகள் எழுதினார். உலக மொழிகளுக்கான ஐஎஸ்ஓ பட்டியலிலும் அதற்கு ‘ஐ-ஆர்-யூ’ என்று தனிக் குறியீடு இருக்கிறது. நாக்கை வாயின் நடுப்பகுதியில் நிறுத்திச் சொல்லும் உயிர் ஒலிகள் இருள மொழியில் உண்டு. நம் அ, இ, உ வரிசையில் அவற்றுக்கு இடமில்லை.

இது ஏட்டுச் சண்டை இல்லை. ‘தமிழின் கிளை’ என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறவர் கை தானாகவே திருத்தும். காதில் விழுந்ததை விட்டுவிட்டுத் தனக்குத் தெரிந்த தமிழ்ச் சொல்லை எழுதிவிடும். கணினியும் அதே தப்பைத்தான் செய்கிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

செங்கல்பட்டுப் பக்கத்து இருளரும் இவர்களும் ஒன்று என்று எண்ணி, அங்கே எடுத்த சொற்பட்டியலை இங்கே கொண்டுவர வேண்டாம். பேச்சு வேறு.

யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

ஒருவரிடம் வாங்கினால் போதாது. பாடுகிறவர் சம்மதிக்க வேண்டும், ஊரும் சம்மதிக்க வேண்டும். அட்டப்பாடி ஊர்களில் மூப்பன் தலைவர், வண்டாரி பொருளைப் பார்ப்பவர், குறுதலை உதவியாளர், மண்ணுக்காரன் விதைப்பு, அறுப்பு, நிலம் தெரிந்தவர். விதை, நிலம் பற்றிய பேச்சு என்றால் மண்ணுக்காரனிடம் கேட்காமல் வேறு யாரிடம் எடுத்தாலும் அது பாதிதான்.

மூப்பன் சரி என்றதும் பாட்டி பாடித்தான் ஆக வேண்டும் என்று நடந்துகொள்பவர்கள் உண்டு. அப்படி இல்லை, இரண்டு பூட்டும் தனித்தனியாகத் திறக்க வேண்டும். பாட்டி சரி என்று மூப்பன் வேண்டாம் என்றாலும் பதிவு கிடையாது.

பஞ்சாயத்து அலுவலகக் கடிதம், கல்லூரிக் கடிதம் எல்லாம் உங்களை யார் என்று சொல்ல மட்டும்தான். அவை ஊரின் சம்மதம் ஆகாது.

எப்படிக் கேட்பது? படிவத்தில் கைநாட்டு வாங்கினால் போதுமா?

ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ அச்சடித்த தாளில் வாங்கும் கைநாட்டுக்கு எங்கள் கணக்கில் மதிப்பில்லை. சம்மதத்தையே ஒலியாகப் பதிவு செய்யுங்கள், அவர்களுக்குப் புரிகிற பேச்சில். எடுப்பது, ஊரில் வைப்பது, வெளியாருக்குக் காட்டுவது, இணையத்தில் போடுவது, கணினிக்குப் பழக்குவது (அந்தப் பேச்சைக் கேட்டு எழுதக் கணினிக்குக் கற்றுக்கொடுப்பது): ஒவ்வொன்றையும் தனியாகக் கேளுங்கள். இப்படி:

“பாட்டி, நீங்க பாடறத இந்தப் பொட்டியில புடிச்சு வெக்கலாமுங்களா?”

“வெச்சு?”

“ஊர்ல ஒரு காப்பி இருக்குமுங்க. உங்க பேரன் பேத்தி கேக்கலாம். கோயமுத்தூர்ல படிக்கற பசங்களுக்குப் போட்டுக் காட்டலாமுங்களா?”

“காட்டு.”

“யூடியூப்ல போட்டா யாரு வேணும்னாலும் கேப்பாங்க. போடலாமுங்களா?”

“அது வேண்டாம். சாவுக்குப் பாடறது அது.”

“சரிங்க. கம்ப்யூட்டருக்கு இந்தப் பேச்சைப் பழக்கலாமுங்களா? பழக்கிட்டா அப்பறம் திருப்பி வாங்க முடியாதுங்க.”

“அத மூப்பங்கிட்டக் கேளு.”

நாலு கேள்விக்கு நாலு வேறு பதில் வருகிறது. ஒரே கேள்வியாக “ரெக்கார்டு பண்ணலாமா?” என்று கேட்டிருந்தால் “சரி” என்பதோடு முடிந்திருக்கும், சாவுப் பாட்டு அன்று இரவே இணையத்துக்குப் போயிருக்கும்.

பதிவு முடிந்ததும் அங்கேயே போட்டுக் காட்டுங்கள். கேட்ட பிறகு “இந்த இடத்தை எடுத்துடு” என்பார்கள். எடுத்துவிடுங்கள். மனம் மாற 30 நாள் அவகாசம் என்று நீங்களாகவே சொல்லி, அதுவரை எந்தக் கோப்பையும் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

மறுத்துவிட்டால்?

டீ குடித்துவிட்டு வாருங்கள். அடுத்த வீட்டில் போய் அதே பாட்டைக் கேட்காதீர்கள்.

என்ன கருவி வாங்க வேண்டும்? போன் போதாதா?

சொற்பட்டியல் எடுக்கப் போன் போதும், இரண்டு நிபந்தனையோடு. ஒன்று, சட்டையில் குத்தும் மைக் ஒன்று சேருங்கள். இரண்டு, வேவ் கோப்பாக (.wav, ஒலியைச் சுருக்காமல் வைக்கும் வகை) பதியும் செயலியை வையுங்கள். போனோடு வரும் ரெக்கார்டர் பெரும்பாலும் ஒலியைச் சுருக்கிவிடும். மிகவும் சுருக்கினதில் எது ‘ட’ எது ‘த’ என்று பத்து வருடம் கழித்து ஒருவர் பிரித்துப் பார்ப்பது கடினமாகலாம்.

கதை, பாட்டு எடுக்கத் தனி ரெக்கார்டர் நல்லது. அமைப்பு: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ். ஒற்றைத் தடத்தில் மணிக்குச் சுமார் 520 எம்பி ஆகும், இரட்டைத் தடத்தில் 1 ஜிபிக்குச் சற்று மேல். 32 ஜிபி கார்டில் ஒரு வாரம் தாராளமாகப் போகும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேர் எதிரே வைக்காமல் கொஞ்சம் ஓரமாக இருக்கட்டும். நேர் எதிரே வைத்தால் ‘ப’ வரும் இடமெல்லாம் காற்று மோதி ‘டப்’ என்று கேட்கும். மீட்டர் உச்சம் மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபலுக்குள் ஆடட்டும். பூஜ்யத்தைத் தொட்டால் ஒலி உடைந்துவிட்டது என்று பொருள். அதைப் பிறகு எந்த மென்பொருளும் ஒட்டவைக்காது.

ஷோளையூர்ப் பக்கம் காற்றாலை நிற்கிற ஊர்களில் என்ன காற்று என்று சொல்லவே வேண்டாம். மைக்கின்மேல் ரோம உறை போடாமல் வெளியில் எடுக்காதீர்கள், பஞ்சு உறை மட்டும் அந்தக் காற்றுக்குத் தாங்காது. வீட்டுக்குள் போனால் தகரக் கூரையில் மழை, இன்வெர்ட்டரின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம், சாயங்காலம் சில்வண்டு. காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் எடுப்பது நல்லது, ஆனால் அது காட்டு வேலைக்குக் கிளம்புகிற நேரம். உங்கள் ஒலிக்காக அவர்கள் வேலையை நிறுத்தாதீர்கள். சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

எடுக்கத் தொடங்கியதும் தேதி, ஊர், பேசுபவர், பேச்சு எது என்று வாயாலேயே சொல்லிப் பதியுங்கள். தாள் தொலையும், கோப்பின் பெயர் மாறும். உள்ளே சொன்னது அங்கேயே இருக்கும்.

பெறை, கொகல் பதிந்தால் போனில் ஒலி விட்டு விட்டு வருகிறதே?

போனின் இரைச்சல் நீக்கி செய்கிற வேலை அது. மனிதக் குரலைக் காப்பாற்ற, தொடர்ந்து ஒரே மாதிரி வரும் ஒலியை இரைச்சல் என்று எண்ணி அமுக்கிவிடும். கொகல் இழுத்து ஊதுகிற ஊதுகருவி, பெறை விடாமல் அடிக்கிற தோல் முரசு. இரண்டுமே அதற்கு இரைச்சல்தான். அமைப்பில் இரைச்சல் நீக்கியையும் ஒலியளவைத் தானாகக் கூட்டிக் குறைப்பதையும் அணைத்துவிடுங்கள். அணைக்க வழியில்லாத போனில் இசையைப் பதியாதீர்கள். ரெக்கார்டரில் தாழ்ந்த ஒலியை வெட்டும் பொத்தான் இருக்கும், பேச்சுக்கு அது உதவும். பெறைக்குப் போட்டால் முரசின் வயிறே போய்விடும். ஆட்டம் நடக்கும் வட்டத்திலிருந்து நாலைந்து மீட்டர் தள்ளி, ஆள் உயரத்துக்கு மேலே மைக்கைத் தூக்கி நிறுத்துங்கள்.

தமிழ் எழுத்தில் எழுதுவதா, மலையாள எழுத்திலா?

கேட்க வேண்டியது அந்த ஊர்ப் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்று. கேரளப் பக்கம் பெரும்பாலும் மலையாள எழுத்து தெரியும், கோயம்புத்தூர்ப் பக்கம் தமிழ். ஒரே மொழி பேசுகிற அக்காவும் தம்பியும் எல்லையின் இரண்டு பக்கம் படித்திருந்தால் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க முடியாது. அதனால் ஒலிக்குறியில் (எந்த மொழியின் ஒலியையும் எழுத மொழியியலாளர் பயன்படுத்தும் குறிகள்) ஒரு மூலப் பிரதி, அதிலிருந்து இரண்டு எழுத்திலும் படிப்புப் பிரதி என்று வைத்துக்கொள்வதே சரி என்பது எங்கள் கருத்து. வேலை கூடும், வேறு வழி தெரியவில்லை.

தமிழ் எழுத்தில் ‘ப’ ஒன்றே இரண்டு ஒலிக்கும் நிற்கிறது: ‘பல்’லில் வருவது ஒன்று, ‘கம்பம்’ என்பதன் நடுவில் வருவது இன்னொன்று. மலையாளத்தில் தனி எழுத்து உண்டு. தமிழில் எழுதுவதானால் இரண்டாவது ஒலிக்கு எழுத்தின் பின்னால் ஒரு மேற்கோள் குறி போடலாம்: ப, ப’. நடு உயிருக்கும் அதேபோல ஒரு குறி. எழுத்தின் தலைமேல் புள்ளி, கோடு என்று புதிதாக வரையாதீர்கள். உங்கள் கணினியில் அழகாகத் தெரியும், பாட்டியின் பேரன் போனில் வெறும் புள்ளி வட்டம் வந்து நிற்கும். எந்தக் குறி என்பதை ஊர்ப் பிள்ளைகள் நாலு பேர் தட்டச்சு செய்து பார்த்து முடிவு செய்யட்டும்.

ஒரு மணி நேரப் பதிவை எழுதி முடிக்க எவ்வளவு நாள்?

ஒரு நிமிடப் பேச்சைக் கேட்டு எழுதி, தமிழில் பொருளும் எழுத 30 முதல் 60 நிமிடம் ஆகும். நடுவாக 40 என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 40 மணி நேர வேலை, அதாவது நாளுக்கு எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் ஐந்து நாள். பத்து மணி நேரப் பதிவுக்கு 50 நாள். அதனால்தான் நூறு மணி நேரம் எடுத்து அலமாரியில் போடுவதைவிட, பத்து மணி நேரம் எடுத்து முழுதாக எழுதுவது மேல் என்கிறோம்.

ஈலான் என்ற இலவச மென்பொருள் இதற்கு ஏற்றது. நெதர்லாந்தின் நைமேகனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனம் உருவாக்கியது. ஒலியலையின் கீழேயே வரிவரியாக எழுதலாம், ஒரு வரியைத் தொட்டால் அந்த ஒலி மட்டும் பேசும். எழுதுகிறவர் அந்த மொழியைப் பேசி வளர்ந்தவராக இருக்க வேண்டும். நமக்குத் தமிழ் தெரிந்திருப்பது இந்த வேலைக்குத் தடையே தவிர உதவி இல்லை.

சொற்களை எந்தப் பட்டியலை வைத்துச் சேகரிப்பது?

மொழியியலில் சுவாதேஷ் பட்டியல் என்று 207 சொல் கொண்டது புழங்குகிறது. அதில் பனியும் உறைபனியும் கடலும் வரும், தினையும் சாமையும் தேனும் வராது. மொழிகளை ஒப்பிட அது போதும், அகராதிக்குப் போதாது. நாலைந்து பேரை உட்காரவைத்து ‘ராகி விதைப்பு முதல் களி கிண்டுவது வரை’ என்று ஒரு பொருளைக் கொடுத்துப் பேசவிடுங்கள். ஒருவர் சொல்லும் சொல் இன்னொருவருக்கு அடுத்ததை ஞாபகப்படுத்தும். தனி ஆளிடம் “இதற்கு என்ன பேர்?” என்று கேட்டுக்கொண்டே போனால் பத்தே நிமிடத்தில் அவர் உங்களுக்காகத் தமிழில் பதில் சொல்லத் தொடங்கிவிடுவார்.

இவ்வளவு கஷ்டம் எதற்கு? ஏஐயிடம் கொடுத்தால் எழுதித் தராதா?

தரும், தப்பாக. விஸ்பர் போன்ற பேச்சறி மாடல்கள் தமிழையும் மலையாளத்தையும் கற்றிருக்கின்றன, இருள மொழியை அல்ல. தெரியாத ஒலியைக் கேட்டால் “தெரியவில்லை” என்று அவை சொல்வதில்லை. பக்கத்தில் இருக்கும் தமிழ்ச் சொல்லைப் போட்டு வாக்கியத்தை முடித்துவிடும். ‘குறுதலை’ என்ற பதவிப் பெயர் சிறிய தலையாகவும், ‘வண்டாரி’ வண்டிக்காரராகவும் மாற வழி உண்டு. யாரும் பேசாத மௌனத்தில்கூட இல்லாத வாக்கியத்தை எழுதுவது இந்த மாடல்களுக்கு உள்ள பழக்கம். எழுத்துப் பிழை இல்லாமல் வருவதால் படிப்பவருக்குச் சந்தேகமும் வராது.

மத்திய பழங்குடியினர் நல அமைச்சகம் 2025 செப்டம்பரில் ‘ஆதி வாணி’ என்ற மொழிபெயர்ப்புக் கருவியின் சோதனைப் பதிப்பை வெளியிட்டது. தொடக்கத்தில் சந்தாலி, பிலி, முண்டாரி, கோண்டி ஆகியவைதான். அட்டப்பாடி மொழி எதுவும் அந்த வரிசையில் இல்லை.

இப்போதைக்கு இயந்திரம் செய்யக்கூடிய உருப்படியான வேலை ஒன்று உண்டு: பேச்சு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று நேரத்தை வெட்டித் தருவது. அதை உங்கள் கணினியிலேயே, இணையமில்லாமல் ஓடும் மென்பொருளில் செய்யுங்கள். இலவச இணையதளத்தில் கோப்பை ஏற்றிச் செய்தால் கோப்பு அவர்கள் கைக்குப் போய்விட்டது.

அப்படியானால் நாமே இருள மொழிக்கு ஒரு மாடல் பழக்கலாமா?

ஊர் கேட்டால் பழக்கலாம். நமக்கு ஆசையாக இருக்கிறது என்பது காரணமாகாது.

நியூசிலாந்தின் மாவோரி வானொலி நிலையமான தெ ஹிகு மீடியா 2018இல் பத்தே நாளில் 300 மணி நேரத்துக்கு மேல் குரல் பதிவு திரட்டித் தன் மொழிக்குப் பேச்சறி மாடல் செய்தது. திரட்டியதும் பேசியதும் காப்பதும் அவர்களே. வெளி நிறுவனங்களிடம் தரவைத் தூக்கிக் கொடுக்கவில்லை. தரவுக்கு உரிமையாளர் என்று சொல்லாமல் காவலர் என்று சொல்லும் தனி உரிமமும் எழுதிக்கொண்டார்கள். நாம் பார்க்க வேண்டியது அந்த மணிக்கணக்கை அல்ல, சாவி யார் இடுப்பில் இருந்தது என்பதை.

பொதுக் குரல் திரட்டுகளில் ‘சிசி பூஜ்யம்’ என்ற உரிமம் அடிக்கடி வரும். எந்த உரிமையும் எனக்கு வேண்டாம், யாரும் எதற்கும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பொருள். தனி ஆள் தன் குரலை அப்படிக் கொடுக்கலாம். ஊர்ப் பாட்டை அப்படிக் கொடுக்க ஒருவருக்கும் அதிகாரமில்லை.

பிறகு வேண்டாம் என்றால் திரும்ப எடுக்க முடியாதா?

கோப்பை அழிக்கலாம். அதைக் கொண்டு பழகிய மாடலிலிருந்து பிரித்தெடுக்க நடைமுறையில் வழியில்லை. சாமை மாவில் ஒரு பிடி ராகி மாவைக் கலந்துவிட்டுத் திரும்பப் பொறுக்குகிற கதைதான். பாட்டியிடம் முன்பே சொல்ல வேண்டியது இதனால்தான். குரலுக்கும் இதே விதி: சில நொடி மாதிரி இருந்தாலே ஒருவர் குரலை நகல் எடுக்கும் கருவிகள் வந்துவிட்டன. இறந்தவர் குரலில் புதுப் பேச்சு உண்டாக்குவதற்குக் குடும்பமும் ஊரும் சேர்ந்து முன்கூட்டியே “சரி” என்று சொல்லியிருந்தால் தவிர, அதைத் தொடவே வேண்டாம்.

மருந்துச் செடி பற்றிச் சொன்னதைப் பதியலாமா?

இதில்தான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். கேரளத்தின் அகத்தியமலையில் நடந்ததைப் பாருங்கள். 1987இல் ஆய்வாளர் குழுவோடு நடந்த காணிக்காரர்கள் (அந்த மலையின் பழங்குடியினர்) களைப்பு தெரியாமலிருக்க ஒரு செடியின் காயைத் தின்றார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கி, கோயம்புத்தூரின் ஆர்ய வைத்திய பார்மசிக்கு உரிமம் தந்தது: உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம். அதில் பாதி காணிகளுக்கு. அதற்கென 1997இல் அறக்கட்டளை பதிவானது. உலகமே எடுத்துக்காட்டாகப் பேசிய ஏற்பாடு. ஆனால் தகவல் சொன்னது ஒரு சிலர், காணிக் குடியிருப்புகளோ பல பஞ்சாயத்துகளில் சிதறியவை. “எங்களைக் கேட்கவில்லையே” என்ற குரல் எழுந்தது. இலை எடுக்க வனத்துறை அனுமதியும் இடித்தது. பணம் பங்கிடுவதைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றாலும், யாரைக் கேட்பது என்பதை முதலிலேயே பேசியிருக்க வேண்டும்.

சட்டத்தில் பிடிமானம் உண்டு. 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(1)(k) உட்பிரிவில், பல்லுயிர் சார்ந்த மரபறிவுக்குச் சமூகத்தின் அறிவுச்சொத்துரிமையும் ஏற்கப்பட்டிருக்கிறது. 2002 பல்லுயிர்ச் சட்டத்தின்படி பஞ்சாயத்துதோறும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் உண்டு. பதிவேட்டில் செடியின் பெயர் இருந்தால் போதும். எந்தப் பகுதி, எவ்வளவு, எதோடு சேர்த்து என்பதை எழுதுமுன் வைத்தியர் சம்மதம் வாங்குங்கள், எழுதினாலும் ரகசியப் பகுதி என்று குறிக்கச் சொல்லுங்கள். 2001இல் தொடங்கிய அரசின் மரபறிவு மின்நூலகம் (மரபு மருந்துகளுக்கு வெளியார் காப்புரிமை வாங்காமல் தடுக்கும் தொகுப்பு) காப்பாற்றும் என்று நம்பி இருக்காதீர்கள். அது சித்தம், ஆயுர்வேதம் போல ஏட்டில் ஏறியதைத்தான் முக்கியமாகப் பார்க்கிறது. வாய்வழி வைத்தியம் அதற்கு வெளியே நிற்கிறது.

செடியைப் படமெடுக்கும்போது போன் கேமராவில் இருப்பிடத்தை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் படத்துக்குள்ளேயே அட்சரேகை, தீர்க்கரேகை போய் உட்கார்ந்திருக்கும். தேன் பாறைக்கும் இதே கதை. படத்தைப் போட்ட மறுமாதம் சாக்கோடு வெளியாட்கள் வந்து நிற்பார்கள்.

பதிவு செய்தால் பாட்டு யாருக்குச் சொந்தம்?

1957 பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை பதிவைத் தயாரித்தவருக்கு, 60 வருடம். பாடியவருக்கு நிகழ்த்துநர் உரிமை 50 வருடம். பாட்டைத் தலைமுறையாகக் காத்த ஊருக்கு அந்தச் சட்டத்தில் நாற்காலியே இல்லை. ரெக்கார்டர் பொத்தானை அமுக்கியதால் நீங்கள் உரிமையாளர் ஆகிவிடுகிறீர்கள் என்பது சிரிக்க வேண்டிய விஷயம்தான், ஆனால் சட்டம் அது. எனவே பதிவுக்கு முன்பே, தயாரிப்பாளர் உரிமையை ஊரின் சங்கத்துக்கு எழுதிக் கொடுக்கும் ஒரு பக்க ஒப்பந்தம் போட்டுவிடுங்கள். சங்கம் பதிவு செய்யப்படாத ஊரில் நம்பிக்கையான மூன்று பேர் பெயரில். 2023 தனிநபர் தரவுச் சட்டமும் தனி ஆளைத்தான் பார்க்கிறது, ஊரைப் பார்க்காது.

பேசுகிறவர்களுக்குப் பணம் கொடுக்கலாமா?

கட்டாயம். உங்களோடு உட்கார்ந்த நாளில் போன கூலியைக் கொடுங்கள், எழுதுகிற இளைஞருக்கு மணிக்கணக்கில் கொடுங்கள். பாட்டுக்கு விலை பேசாதீர்கள், நேரத்துக்குக் கொடுங்கள். பாட்டுக்கு இவ்வளவு என்று வைத்தால் பாட்டின் எண்ணிக்கை கூடும், பாட்டு குறையும்.

கோப்புகளை எங்கே வைப்பது?

மூன்று பிரதி: இரண்டு வேறு வகைக் கருவியில், ஒன்று வேறு ஊரில். அதில் ஒரு பிரதி அந்த ஊரிலேயே, அவர்கள் கையில். பென் டிரைவை நம்ப வேண்டாம், வருடக்கணக்கில் மின்சாரம் படாமல் கிடந்தால் உள்ளிருப்பது கெடும். ஹார்ட் டிஸ்க்கைக் காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வையுங்கள். அட்டப்பாடியின் கிழக்குப் பக்கம் வறட்சி, மேற்கே போகப் போக ஈரம். மழைக்காலம் முடிந்ததும் ஜெல்லை மாற்றுங்கள். வருடம் ஒருமுறை திறந்து ஒவ்வொரு கோப்பும் பேசுகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

வாட்ஸ்ஆப்பில் குரலாக அனுப்பினது மூலப் பிரதி இல்லை, சுருக்கிவிடும். அனுப்பியே ஆக வேண்டுமென்றால் டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். கோப்புப் பெயரில் தேதி, ஊர், வரிசை எண் மட்டும், ஆங்கில எழுத்தில். தமிழ் எழுத்துப் பெயரைச் சில பழைய மென்பொருள் திறக்காது. பேசியவர் பெயர் கோப்பின் பெயரில் வேண்டாம், தனி நோட்டில் இருக்கட்டும்.

பதிவு செய்துவிட்டால் மொழி பிழைத்துவிடுமா?

பதிவு ஊறுகாய் மாதிரி, சோறு ஆகாது. பேச்சு நிற்பது பள்ளிக்கூட வாசலில்தான்: பிள்ளை வீட்டுப் பேச்சைப் பேசினால் வகுப்பில் சிரிப்பு, பிறகு வீட்டிலும் மலையாளமோ தமிழோ. சமக்ர சிக்ஷா கேரளத்தின் ‘நமத்து பாசை’ திட்டம் அட்டப்பாடியில் பள்ளிக்குப் போகுமுன் உள்ள குழந்தைகளோடு இருளம், முடுகம், குறும்பம் பேச ஊர்ப் பெண்களையும் இளைஞர்களையும் அமர்த்தியது சரியான இடத்தில் போட்ட கை. நீங்கள் எடுத்த பதிவில் ஒரு கதையை ஐந்து நிமிடமாக வெட்டி, ஊர் சம்மதித்தால், அங்கன்வாடி ஸ்பீக்கரில் வாரம் ஒன்றாகப் போடுங்கள். கதை சொன்ன பாட்டியையே அழைத்து உட்காரவைக்க முடிந்தால் ஸ்பீக்கர் தேவையில்லை.